கையெழுத்துப் போடாத இரண்டு வீடுகள்

பெங்களூர் ஆடுகோடியில் எங்கள் குடியிருப்பின் வாசல்களில் ஒரு வியாழக்கிழமை காலை சிவப்புப் பெயின்டில் எண் எழுதிக்கொண்டு போனார்கள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான், டப்பாவோடு நின்ற ஆளிடம் எதற்கு என்று கேட்டேன். "சர்வே மேடம்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

நான் ஆறாவது படித்தபோது எங்கள் தகர வீட்டுக் கதவிலும் இப்படித்தான் எண் எழுதினார்கள். தண்ணீர்க் குழாய் வரப்போகிறது என்று சொல்லி அப்பாவிடம் கைரேகை வாங்கினார்கள். அப்பாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. வந்தது குழாய் இல்லை, புல்டோசர். காலி செய்யச் சம்மதம் என்றுதான் அந்தக் காகிதத்தில் இருந்ததாம். கன்னடப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நான் அதைப் படித்துச் சொல்லியிருப்பேன். யாரும் என்னிடம் காட்டவில்லை. இந்த மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு கிடைக்கும்வரை ஐந்து மழைக்காலங்களைத் தற்காலிக ஷெட்டில் கழித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வசதி வாரியத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். என் வயதுதான் இருக்கும். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். ஒழுகும் கூரைகளைச் சரிசெய்வார்கள், குழாய்களை மாற்றுவார்கள், படிக்கட்டுக்கு விளக்குப் போடுவார்கள். அதோடு குடியிருப்பவர்களுக்குக் குழாய் வேலை, கரண்ட் வேலை, தையல் எல்லாம் இலவசமாகக் கற்றுக்கொடுப்பார்கள். "எல்லாத்துக்கும் எங்கள எதிர்பார்க்காம நீங்க சொந்தக் கால்ல நிக்கணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அவர் கொடுத்த ஃபாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பக்கத்தில் அது இருந்தது. வாரியம் கேட்டுக்கொண்டால் வீட்டைத் தற்காலிகமாகக் காலி செய்யச் சம்மதம்.

"தற்காலிகம்னா எத்தன நாள் மேடம்?"

"ஒரு வாரம்கூட ஆகாதும்மா. அது சும்மா ஃபார்மாலிட்டி."

"அப்ப ஒரு வாரம்னு எழுதிக் குடுங்க."

"மேலேர்ந்து வந்த ஃபாரம். நான் எப்படி எழுத முடியும்?"

நான் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு நேர் மேல் வீட்டில், கடைசி மாடியில், ஓர் அக்கா தனியாக இருந்தார். நர்சிங் ஹோமில் ஆயா வேலை. அவர் ஃபாரத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "நீ ஓதனவ, படிச்சவ. நீ போடலன்னா நானும் போடல. இன்னா சொல்ற?"

யோசித்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். "போடாதீங்கக்கா" என்றேன். அவர் என்னை நம்பியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மற்றவர்கள் எல்லோரும் போட்டார்கள். மேஸ்திரிகள் வந்தார்கள். மூட்டையோடு யார் வெளியே போகிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள் என்று தினமும் பார்த்துக்கொண்டேயிருந்தேன். போனவர்கள் எல்லோரும் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ வந்துவிட்டார்கள். அப்போதும் என் மனம் இளகவில்லை. முதலில் நம்ப வைக்கிறார்கள், அப்புறம் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழாய் வகுப்பிலும் சேர்ந்தேன். கற்றுக்கொள்ளும் ஆசையில் இல்லை. வருகைப் பதிவேட்டில் எங்களிடம் எதற்குக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று பார்க்கத்தான். அங்கன்வாடி அறையில் ஞாயிறுதோறும் பதினோரு பெண்கள் ஸ்பேனரோடு உட்கார்ந்தோம். மூன்றாம் வாரம் என் வீட்டுச் சொட்டுக் குழாயை நானே கழற்றி வாஷர் மாற்றினேன். சொட்டு நின்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரமும் பதிவேட்டின் தலைப்பைப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

மழை பிடித்த மாதம் ஒரு காலை, மேலே ஏதோ இடிந்து விழுந்த சத்தம் கேட்டது. ஓடினேன். அக்காவின் சமையலறைக் கூரையில் பாதி பெயர்ந்து விழுந்திருந்தது. துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன. மாவுப் பாத்திரம் முழுக்கச் சிமென்ட் தூள். அக்கா இடது தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமுக்கே ஆட்டோவில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஸ்டவ் ஆஃப் பண்ணியா?" என்று மட்டும் கேட்டார்.

தோள் எலும்பில் விரிசல் விட்டிருந்தது.

மறுநாள் நான் வேலை பார்க்கும் தொம்மலூர் கண் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனேன். அதே அதிகாரி. "கடைசித் தேதி முடிஞ்சுபோச்சும்மா" என்றார்.

"போட வேணாம்னு அவங்களுக்குச் சொன்னது நான்தான் மேடம். தப்பு என்னோடது. அவங்க வீட்ட சேத்துக்குங்க."

"உங்க வீடு?"

"எத்தன நாள்னு எழுதுங்க. இப்பவே போடறேன்."

அவர் இரண்டு ஃபாரங்களை எடுத்து, ஓரத்தில் கன்னடத்தில் ஏழு நாளுக்கு மிகாமல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். நான் அங்கேயே போனில் படம் எடுத்தேன்.

"என்மேல அவ்ளோ சந்தேகமா?" என்று சிரித்தார்.

"உங்க மேல இல்ல மேடம். உங்களுக்கு அப்புறம் வர்றவங்க மேல."

அவர் அக்காவின் ஃபாரத்தைக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

கூரை வேலை முடியும்வரை ஆறு நாள் அக்கா என் வீட்டில் இருந்தார். திரும்பிப் போகிற அன்று ஒருவழியாகச் சொன்னேன், "என்னாலதானே அக்கா."

"எனக்கே பயம் இருந்துச்சு. கேட்டவங்ககிட்ட உன் பேர சொல்லித் தப்பிச்சிக்கினேன். அவ்ளோதான்" என்றார். அவர் கை இன்றைக்கும் தோளுக்கு மேலே எழும்புவதில்லை. நர்சிங் ஹோமில் அவரை வார்டிலிருந்து துணி மடிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்த அன்றே சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். குடியிருப்பவர்கள் பயிற்சி பெற்றுவிட்டதால் இனிமேல் குழாய், விளக்குப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. சொந்தக் கால் என்றால் இதுதானா என்று நோட்டீஸைப் பார்த்தபடி நின்றேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது. முன்பெல்லாம் ஒரு குழாய் உடைந்தால் புகார் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் குடம் தூக்குவோம். போன மாதம் இரண்டாம் மாடியில் உடைந்ததை நானும் இன்னொரு பெண்ணும் ஒரு மணி நேரத்தில் சரிசெய்தோம்.

இப்போது மொட்டைமாடித் தொட்டியில் விரிசல். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவரிடம் போனில் சொன்னால், "நீங்கதான் ட்ரெய்னிங் எடுத்திருக்கீங்களே" என்கிறார். தொட்டி கட்ட எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்று ஒரு மனு எழுதினேன். முதல் கையெழுத்து வாங்க மேல் வீட்டு அக்காவிடம் போனேன்.

அவர் என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். நடுவில் நிறுத்தி ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். நான் சொன்னது திருப்தியில்லை போலிருக்கிறது, காகிதத்தை வாங்கிக்கொண்டுபோய் எதிர் வீட்டில் காட்டி விசாரித்தார். அதன் பிறகுதான் பேனாவைக் கேட்டார்.