ஒரு கேஷுவாலிட்டி நர்ஸ் பார்த்த படங்கள்

1. வெள்ளிக்கிழமை காலை

பெரிய நடிகரின் படம் வெளியாகும் வெள்ளிக்கிழமைகளில் கேஷுவாலிட்டியில் காயத்துக்கு வைக்கும் காஸ் துணிக் கட்டுகளைக் கூடுதலாக எடுத்து வைத்துவிடுவேன். மயிலாப்பூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி இன்சார்ஜாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். பட்டாசில் கை பொசுக்கிக்கொண்டவன், கூட்டத்தில் மிதிபட்டவன், தியேட்டர் கண்ணாடிக் கதவில் கையைக் கிழித்துக்கொண்டவன் என்று அன்றைக்கு யாராவது வருவார்கள். நாங்கள் தைத்து அனுப்புவோம். மறுநாள் அதே கட்டோடு படம் பார்க்கப் போவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை முதல் காட்சி தொடங்கும் முன்பே ஓர் ஆட்டோ ராம்ப்பில் ஏறி வந்து நின்றது. பின் சீட்டில் இரண்டு பையன்கள் நடுவில் ஒருவனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் பெயர் சதீஷ். இருபது வயதைத் தாண்டியவன், ஏ.சி. மெக்கானிக். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றச் சாரத்தில் ஏறியவன் கால் வழுக்கி விழுந்திருக்கிறான். கீழே கட்டட வேலைக்காக மண்ணில் லேசாகச் செருகியிருந்த குட்டைக் கம்பி, முழங்காலுக்குப் பின்புறம் சற்று மேலே ஏறி, அவனோடு பெயர்ந்து வந்துவிட்டது. ஆட்டோவின் தரை முழுக்க ரத்தம்.

டிரைவர் பக்கத்திலிருந்து இன்னொருவன் குதித்தான். அவன் பிரபு, சதீஷின் கூட்டாளி. கையில் துண்டில் சுற்றிய கம்பி.

"இதான் சிஸ்டர் கம்பி. நாங்களே புடுங்கிட்டோம்."

பாராட்டை எதிர்பார்க்கிற முகம் அது. நான் சதீஷின் காலை அமுக்கிப் பிடித்தபடியே கத்தினேன். "யாரு உன்ன எடுக்கச் சொன்னது?"

"போன படத்துல அண்ணன் முதுகுல ஏறுன கம்பிய அவரே புடுங்கிப் போட்டுட்டு நடந்து வருவாரு இல்ல சிஸ்டர்?"

அந்தப் படத்தை நானும் பார்த்திருந்தேன். அந்தக் காட்சிக்குத் தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. குத்தி நிற்கும் கம்பி பல நேரங்களில் அறுந்த ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கும். அதை இழுப்பது குழாயைத் திறந்துவிடுவதுதான். இதை நர்சிங் படிக்கும் முதல் வருடப் பிள்ளை சொல்லும். பல பேர் உட்கார்ந்து எழுதிய கதையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

காயத்தில் வைத்த முதல் காஸ் பேட் நனைந்தது. அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அமுக்கினேன். டியூட்டி டாக்டர் தொடையில் ரத்தத்தை நிறுத்தும் டூர்னிகே பட்டையைக் கட்டினார். இரண்டு கையிலும் ஐ.வி. லைன் போட்டு, ரத்தத்துக்குச் சொல்லிவிட்டு, சதீஷைத் தியேட்டருக்கு அனுப்பினோம். எங்கள் தியேட்டருக்கு, ஆபரேஷன் தியேட்டருக்கு.

2. அம்மா

சதீஷின் அம்மா மல்லிகா. அடையாற்றங்கரையில் குடிசை எடுக்கப்பட்டு, பெரும்பாக்கத்தில் வீடு கொடுக்கப்பட்டவர்களில் ஒருவர். வேளச்சேரியில் ஓர் ஐ.டி. ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நீல யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தார்.

"உசுரு கீதா சிஸ்டர்?"

"இருக்கும்மா."

"காலு கீதா?"

"ஆபரேஷன் நடக்குது. உக்காருங்க."

உட்காரவில்லை. சர்ஜன் வெளியே வரும்வரை சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சர்ஜன் சுற்றி வளைக்காமல் சொன்னார். இன்னொரு காலிலிருந்து ஒரு ரத்தக் குழாயை எடுத்து, அறுந்த குழாயை ஒட்டுப்போட்டாயிற்று. கால் இருக்கும். ஆனால் பாதத்தைத் தூக்கும் நரம்பு அறுந்துபோயிருக்கிறது. பாதம் தொங்கும். பாதத்தைத் தாங்கும் ஸ்ப்ளிண்ட் போட்டு நடக்கலாம்.

"கம்பி குத்துனப்பவே அறுந்துச்சா, இழுக்கும்போது அறுந்துச்சான்னு என்னால சொல்ல முடியாதும்மா. இவ்ளோ ரத்தம் போனது இழுத்ததாலதான்."

"ஏணி ஏறுவானா சார்?"

சர்ஜன் என்னைப் பார்த்தார். மாடிக்கு மாடி வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற பையன் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"நடப்பாம்மா" என்றார்.

மல்லிகா அழவில்லை. ராம்ப் பக்கம் போய் பிரபுவைப் பார்த்தார். அவன் சட்டையெல்லாம் சதீஷின் ரத்தம். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "வூட்டுக்குப் போய் குளிடா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

3. கைதட்டிய காட்சிகள்

நான் படமே பிடிக்காதவள் இல்லை. லீவு நாளில் லேப் டெக்னீஷியன் ஷமீமும் நானும் வேளச்சேரி மாலுக்குப் போய்விடுவோம். ஷமீம் ராயப்பேட்டைக்காரி. எந்தப் படமாக இருந்தாலும் இடைவேளைக்குள் கொலைகாரனைக் கண்டுபிடித்து என் காதில் சொல்லிக் கெடுப்பவள். பேய்ப் படம், போலீஸ் படம், காதல் படம், குடும்பப் படம் எதையும் நாங்கள் விட்டதில்லை. அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறேன்.

சமீபத்தில் பார்த்த பேய்ப் படத்தில் பேய் நன்றாகவே பயமுறுத்தியது. அதில் வரும் நர்ஸைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முட்டிக்கு மேலே வெள்ளைப் பாவாடை, தலையில் தொப்பி. அந்தத் தொப்பியை நாங்கள் கழற்றி எத்தனையோ காலமாகிறது. அதே படத்தில் மானிட்டரில் கோடு நேராகிறது, டாக்டர் ஷாக் கொடுக்கிறார், செத்தவர் எழுந்து உட்காருகிறார். கோடு நேராகிவிட்டால் ஷாக் வேலை செய்யாது. நெஞ்சை அமுக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். ஒரு பெரியவருக்கு நாங்கள் வியர்க்க வியர்க்க சி.பி.ஆர். கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் மகன் டியூட்டி டாக்டரின் சட்டையைப் பிடித்தான். "ஷாக் குடுய்யா, சும்மா நெஞ்ச அமுக்கிக்கினு கீற." பெரியவர் பிழைக்கவில்லை. ஷாக் கொடுத்திருந்தால் அப்பா இருந்திருப்பார் என்றுதான் அந்த மகன் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பான். அந்தப் பாரத்தை அவன் தலையில் வைத்தது யார்?

போலீஸ் படம் இடைவேளை வரை விறுவிறுப்பு. அதன்பின் ஹீரோ ஷூ காலோடு ஐ.சி.யு.வுக்குள் நுழைந்து, மூச்சுத் திணறுகிறவனின் மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டு விசாரணை செய்கிறார். கைதட்டல். குடும்பப் படத்தில் தொண்டைக்குள் குழாய் போட்டிருக்கும் அப்பா பத்து நிமிடம் பேசி மகன்களைச் சேர்த்து வைக்கிறார். அதற்கு நாங்கள் சிரித்தோம். காதல் படத்துக்குச் சிரிக்கவில்லை. நர்ஸாக வரும் கதாநாயகியைப் பார்க்க ஹீரோ தினமும் கையை வெட்டிக்கொண்டு கட்டுப் போட வருகிறான். கடைசியில் அவள் காதலிக்கிறாள். எங்களிடம் அப்படி ஒருவன் வந்தான். எங்கள் ஜூனியர் ஸ்டாஃப் ஒருத்தி வெகுநாள் பின்கேட் வழியாக வீட்டுக்குப் போனாள். கடைசிவரை காதலிக்கவில்லை. வேலையை விட்டுப் போனாள்.

ஒரே ஒரு சின்னப் படம் நன்றாக இருந்தது. பக்கவாதம் வந்த புருஷனை ஒருத்தி திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கிறாள். முதுகில் புண் வந்திருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்க்கிறாள். சண்டை இல்லை, பாட்டு இல்லை. நானும் ஷமீமும் அழுதோம். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று மறுவாரம் போனால் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அந்த ஸ்கிரீனில் சதீஷ் பால் ஊற்றப் போன படம் ஓடிக்கொண்டிருந்தது.

4. படம் எப்படி மேடம்

அதற்கே டிக்கெட் எடுத்தோம். ஷமீம் வேண்டாம் என்றாள். "ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டுட்டு வந்தீங்களாக்கா?" என்று கேட்டாள்.

கதை என்று ஒன்றும் இல்லை. அண்ணன் நடக்கிறார், திரும்புகிறார், கண்ணாடி போடுகிறார். கிளைமாக்ஸில் வில்லன் ஓர் ஈட்டியை அவர் தொடையில் இறக்குகிறான். அண்ணன் சிரிக்கிறார். உருவுகிறார். அதே ஈட்டியோடு அத்தனை பேரையும் துரத்தி ஓடுகிறார். என் முன்வரிசையில் ஓர் அப்பா தன் மகனைத் தோள்மேல் தூக்கி வைத்துக் காட்டினார். மல்லிகா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது.

வெளியே யூடியூப் சேனல் பையன் மைக்கை நீட்டினான். "படம் எப்படி மேடம்?"

"நான் மயிலாப்பூர்ல கேஷுவாலிட்டி நர்ஸ். தொடையில குத்துன ஈட்டிய உருவுனா ஓட முடியாது தம்பி. அங்கேயே விழுந்து சாவான். இதுக்குப் பால் ஊத்தப் போன பையன் ஒருத்தன் எங்க வார்டுல கிடக்கான். அவன் கூட்டாளி போன படத்துல வர்ற மாதிரியே கம்பியப் புடுங்கிட்டான்."

"மேடம், படத்தப் பத்திச் சொல்லுங்க."

"படத்தப் பத்தித்தான் சொல்றேன்."

மறுநாள் வீடியோ வந்தது. சதீஷைப் பற்றிச் சொன்னதை வெட்டிவிட்டு, ஈட்டி பற்றிச் சொன்னதை மட்டும் வைத்து, நடுவில் சிரிப்புச் சத்தம் சேர்த்து, 'லாஜிக் ஆன்ட்டி' என்று பெயரும் வைத்திருந்தார்கள். ரசிகர்கள் மயிலாப்பூரில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போன் போட்டு எங்கள் ரிசப்ஷனைக் கண்டுபிடித்தார்கள். போனை எடுத்த பெண் காது கூசும் வசவு கேட்டு அழுதாள். சூப்பரின்டென்டென்ட் என்னைக் கூப்பிட்டார்.

"வசந்தா, ஒரு சாரி சொல்லி வீடியோ போட்டுடுங்களேன். முடிஞ்சுடும்."

"என்னன்னு சார் போடறது? கம்பியப் புடுங்குங்கன்னா?"

அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

5. ரசிகன்

டியூட்டி முடிந்ததும் வார்டுக்குப் போய் சதீஷைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அன்றைக்கு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கையில் போன், அதில் அந்த வீடியோ.

"எங்க அண்ணன அசிங்கப்படுத்திக்கினு கீறீங்க. இனிமே நீங்க இங்க வராதீங்க."

மல்லிகா ஸ்டூலிலிருந்து எழுந்தார். "உன் காலப் புடிச்சுக்கினு நின்னது இந்தம்மாடா. உங்க அண்ணன் எங்கடா?"

"வருவாரு."

ரசிகர் மன்றத்துக்காரர்கள்தான் வந்தார்கள். பழக்கூடை வைத்தார்கள், கட்டிலைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். சதீஷ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "சொல்லியிருக்கோம் தம்பி" என்றார்கள். டிஸ்சார்ஜ் ஆகிற நாள்வரை, கதவு திறக்கும்போதெல்லாம் அவன் தலையைத் தூக்கிப் பார்த்ததாக வார்டு சிஸ்டர் சொன்னாள்.

அதன்பின் பிசியோவுக்கு வர ஆரம்பித்தான். பிரபுதான் பைக்கில் கூட்டி வருவான். உள்ளே வராமல் கேட்டிலேயே நிற்பான். தியாகராய நகரில் ஓர் ஏ.சி. சர்வீஸ் கடையில் உட்கார்ந்து போன் எடுக்கும் வேலை கிடைத்திருப்பதாக மல்லிகா சொன்னார். நான் சதீஷோடு பேசவில்லை. அவனும் பேசவில்லை. அந்தப் படம் ஓ.டி.டி. வழியாகப் போன்களில் வந்துவிட்ட வாரம் ஒருநாள், ஸ்ப்ளிண்டின் பட்டையைப் போட்டுக்கொண்டே அவனாகக் கூப்பிட்டான்.

"படம் பாத்தேன் சிஸ்டர்."

"எப்படி இருந்துச்சு?"

"செகண்ட் ஹாஃப்ல தூங்கிட்டேன்."

நரம்பு வலிக்குக் கொடுக்கும் மாத்திரை தூக்கம் வரவைக்கும். அதைச் சொன்னேன்.

"நானும் மாத்திரைன்னுதான் நெனச்சேன். மறுநாள் காலைல மறுபடி போட்டேன். மறுபடியும் தூங்கிட்டேன்." பட்டையை இறுக்கினான். "படம் நல்லா இல்ல சிஸ்டர்."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்ட வேண்டியவர்கள் அங்கே இல்லை.

கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உடம்பில் எது குத்தி நின்றாலும் எடுக்கக் கூடாது, சுற்றித் துணியை வைத்து அசையாமல் கட்டி அப்படியே கொண்டுவர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சரில் கிடப்பவனிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. அவனைக் கொண்டுவந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் ராம்ப்பில் நிற்கிறார்களே, அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். ஓய்வு பெறும் வரை எல்லா ரிலீஸ் நாட்களிலும் நான் அதைச் செய்தேன். கோபமாகவே சொன்னேன். நீங்களும் கோபமாகவே சொல்லுங்கள்.