இடிக்கக் கூடாத கதவு

மேரன்வில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் கர்டிஸ் ஸ்டக்கியின் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அவனுடைய பட்டச் சான்றிதழ்தான். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துச் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு காயலான் கடையில் பிறந்து வளர்ந்தவன். ஸ்டக்கி குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். அந்தக் காகிதத்தைப் பெட்டிக்குள்ளா பூட்டி வைப்பான்?

அப்பாவின் கடையில் செத்துப்போன கார்கள் வரிசை வரிசையாகக் கிடக்கும். பள்ளியில் கூடப் படித்தவர்கள் அவனைத் 'துரு' என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டையில் ஆயில் வாடை அடிக்கிறது என்று ஒருத்தி இடம் மாறி உட்கார்ந்தது பதினான்கு வயதில். அதற்குப் பிறகு அவன் கார்களின் பக்கமே போகவில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியவன் ஏறியவன்தான்.

அவனுடைய அக்கா ரோண்டா ஏறவில்லை. ஏற வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. அவனைவிட ஏழு வயது மூத்தவள். அதே பள்ளியில் பஸ் ஓட்டுகிறாள். பதினொரு வருஷமாக அந்த மஞ்சள் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. ஆனால் வருஷத்தில் ஒரு நாள், ஜூலை மாதக் கண்காட்சியில், அவள் பழைய கார் ஒன்றில் ஏறிக்கொண்டு கண்ணில் பட்ட கார்களையெல்லாம் இடித்து நொறுக்குவாள். டெர்பி என்றால் எங்கள் பக்கத்தில் அதுதான். தீயணைப்பு வண்டி தண்ணீர் பீய்ச்சிச் சேறாக்கிய திடலில் பதினைந்து கார்கள் ஒன்றையொன்று மோதும். கடைசியாக எது நகர்கிறதோ அது ஜெயித்த கார். ரோண்டா ஆறு முறை ஜெயித்திருந்தாள்.

டெர்பியில் இரண்டு விஷயம் மன்னிக்கப்படுவதில்லை. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவில் இடிக்கக் கூடாது. அது தெரிவதற்காகவே அந்தக் கதவுக்கு மட்டும் வெள்ளை பூசியிருப்பார்கள். இன்னொன்று, மற்றவர்கள் அடித்துக்கொண்டு சாகட்டும் என்று ஓரத்தில் பதுங்கக் கூடாது. ஒரு நிமிஷத்துக்குள் யாரையாவது இடித்தாக வேண்டும். பதுங்குகிறவனுக்கு மணல்மூட்டை என்று பெயர். திடலில் அதைவிடக் கேவலமான வசவு இல்லை.

கர்டிஸ் பட்டம் வாங்கிய 1991ஆம் வருஷம், ரோண்டா தன் வெள்ளைக் கதவில் 'எங்க கர்டிஸ் பட்டதாரி' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அவன் போய்ப் பார்த்துவிட்டு, "வேணாங்க்கா. ஸ்கூல்ல வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்றான். அவள் துணியை எண்ணெயில் நனைத்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் 91 என்று மட்டும் போட்டாள். அதிலிருந்து வருஷா வருஷம் கார் மாறியது, எண் மாறவில்லை. காரின் மற்ற பக்கமெல்லாம் அப்பளமாக நொறுங்கிப் போனாலும் அந்தக் கதவும் அந்த எண்ணும் அப்படியே இருக்கும். ராசி எண் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். கர்டிஸுக்குத் தெரியும்.

பள்ளியின் விளையாட்டரங்க வாசலில், ஊருக்குப் பெருமை சேர்த்த வீரர்களின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து ஒரு பலகை இருக்கிறது. யார் பெயரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட குழு. கர்டிஸ் அதன் செயலாளர். காயலான் கடைக்காரன் மகனுக்கு அந்த நாற்காலி லேசில் கிடைத்ததல்ல. 1998 ஜூனில் நடந்த கூட்டத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. பஸ் ஓட்டுகிறவர்களும் தீவன ஆலைக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பியது. கர்டிஸ்தான் அதைப் படித்தான். பெயர்: ரோண்டா ஸ்டக்கி. விளையாட்டு: டெமாலிஷன் டெர்பி.

குழுத் தலைவர் ப்ரான்ட், தலைக்கவசம் மாட்டி முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்துக்கு நாற்பது வருஷம் பயிற்சி கொடுத்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரேஸ் ஓட்டறதே விளையாட்டான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. இது ரேஸ்கூட இல்லையேப்பா."

பல் டாக்டர் விட்டேக்கர், "வேர்த்துக் கொட்டறது காருக்கு. அந்தம்மா சும்மா உக்காந்திருக்காங்க" என்றார்.

ஓட்டப் பயிற்சி கொடுக்கும் மார்லீன் விடவில்லை. "படுத்துக்கிட்டே துப்பாக்கி சுட்ட பையன் பேரு பலகையில இருக்கு. உக்காந்தா மட்டும் ஆகாதா டாக்டர்?"

"அவன் குறி பாக்கறான்மா."

"இவ பாக்கலையா? பின்னாடி திரும்பிப் பாத்துக்கிட்டே பாதி நேரம் ரிவர்ஸ்ல ஓட்டணும். முன்பக்கம் இடிச்சா ரேடியேட்டர் போயிரும். நீங்க ஒருநாள் ஓட்டிப் பாருங்க, கழுத்து என்னாகுதுன்னு."

"கழுத்துதானே. என்கிட்ட வாயைத் திறந்து உக்காந்திருக்கறவங்களுக்கும்தான் வலிக்குது." டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மார்க்கெட்ல வண்டி நிறுத்தற இடத்துல என் சம்சாரம் வாரா வாரம் இந்த விளையாட்டுதான் ஆடறா. அவளுக்கும் சேத்து ஒரு தகடு அடிச்சிருங்க."

சிரிப்பு கிளம்பியது. முதலில் சிரித்தது கர்டிஸ்.

ஏன் சிரித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. தொண்டையிலிருந்து தானாக வந்துவிட்டது. சிரித்த பிறகு நிறுத்தவும் முடியவில்லை, மற்றவர்களும் சிரித்துக்கொண்டிருந்ததால்.

அந்த அறையில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் அவனுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க ரோண்டா கொட்டகையில் நின்று, பழைய கால்பந்துத் தலைக்கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு, அதில் இருபத்தைந்து பவுண்டு இரும்பைத் தொங்கவிட்டுக் கழுத்தை இடமும் வலமும் திருப்புவாள். தினம் நூறு தடவை. அதை அவன் சொல்லியிருந்தால் ப்ரான்ட் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். சொல்லவில்லை.

மார்லீனும், குழுவில் மிச்சமிருந்த தானியக் கிடங்கு மேலாளரும் கை தூக்கினார்கள். ப்ரான்டும் டாக்டரும் எதிர்ப்பு. எல்லாரும் கர்டிஸைப் பார்த்தார்கள்.

"விண்ணப்பத்துல இருக்கறது என் சொந்த அக்கா," என்றான் நிதானமாக. "நான் கை தூக்கறது முறை இல்லை. ஒதுங்கிக்கறேன்."

இரண்டுக்கு இரண்டு. விண்ணப்பம் விழுந்தது. ப்ரான்ட் எழுந்து வந்து அவன் தோளில் தட்டினார். "படிச்சவன் படிச்சவன்தான்ப்பா."

அன்று குறிப்பேட்டில் அவன் எழுதியது இது: 'செயலாளர் ஸ்டக்கி, பரிந்துரைக்கப்பட்டவரின் தம்பி என்பதால், கண்ணியத்தோடு வாக்களிப்பிலிருந்து விலகிக்கொண்டார்.' கண்ணியத்தோடு என்ற சொல்லை அவனே எழுதினான்.

ஜூலைக் கண்காட்சி. சனிக்கிழமை மத்தியானம், உச்சி வெயில். கர்டிஸ் மாடிப்படி போன்ற மரப் பலகையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மார்லீன், தட்டைவிடப் பெரிய பன்றிக்கறி வறுவலை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டபடி. முதல் சுற்றில் ரோண்டா சிரமமில்லாமல் தேறிவிட்டாள். இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நீங்க ஒதுங்கினது எனக்குக் கோபம்தான்," என்றாள் மார்லீன். "ஆனா யோசிச்சா, அதுதான் நியாயம். ரோண்டாகிட்டயும் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"என் தம்பி அப்படித்தான், கோடு போட்ட மாதிரி நடப்பான்னா. முகத்துல அவ்வளவு பெருமை."

கர்டிஸ் எலுமிச்சைச் சாற்றைக் கீழே வைத்தான். அந்த நேரம் பார்த்துத் திடலில் ஒரு பச்சைக் கார், சண்டைக்கு வராமல் சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. கூட்டம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. "மணல்மூட்டை! மணல்மூட்டை!" என்று ஆயிரம் பேர் பலகையைக் காலால் உதைத்துக் கத்தினார்கள். மார்லீனும் வாயில் ரொட்டியோடு கத்தினாள். நடுவர் கொடியைக் காட்டிப் பச்சைக் காரை வெளியேற்றினார்.

கர்டிஸ் எழுந்து படி இறங்கினான்.

கார்கள் நிற்கும் இடத்தில் ரோண்டா, டயரில் குத்திக்கொண்டிருந்த தகரத்தைச் சுத்தியலால் அடித்து விலக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் பட்டை, பல்லில்கூடச் சேறு.

"அட, வாத்தியார் சேத்துல கால் வச்சுட்டாரு. ஷூவைக் கழட்டிரு, கறை போகாது."

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"அந்தக் கடப்பாரையை எடுத்துக் குடுத்துட்டுச் சொல்லு."

கொடுத்தான். "அந்தப் பலகை விஷயம்..."

"மார்லீன் சொன்னா. போகட்டும் விடு. தம்பி கை தூக்கி வாங்கிக் குடுத்தான்னு நாலு பேர் பேசறதுக்கு, இல்லாமலே இருக்கலாம்."

"நான் நியாயத்துக்காக ஒதுங்கலக்கா."

"பின்ன எதுக்கு?"

"அவங்க நடுவுல காயலான் கடைக்காரன் மகனா உக்கார முடியல."

ரோண்டா கடப்பாரையை நெம்பினாள். தகரம் கிறீச்சிட்டு வளைந்தது. "அது எனக்குத் தெரியாதா? உனக்குச் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

"நீ ஹெல்மெட்டுல இரும்பைக் கட்டிப் பழகறதைச் சொல்லியிருந்தா ப்ரான்ட் சார் மாறியிருப்பாரு. சொல்லல."

"ம்."

"டாக்டர் ஒரு ஜோக் சொன்னாரு. உன்னை வச்சு. நான் சிரிச்சேன். நான்தான் முதல்ல சிரிச்சேன்."

கடப்பாரை நின்றது. "என்ன ஜோக்?"

அவன் சொன்னான். சொல்லும்போது அது இன்னும் மோசமாக இருந்தது.

"நல்ல ஜோக்குதான்," என்றாள் ரோண்டா. ஆனால் சிரிக்கவில்லை. "அந்தாளோட ரெண்டு பொண்ணுங்களும் என் பஸ்லதான் வருதுங்க. பனி கொட்டுற நாள்ல, ரோண்டா ஓட்டினாதான் அனுப்புவேன்னு போன் பண்ணிச் சொல்றவரு அவரு." கையிலிருந்த சேற்றைக் காற்சட்டையில் துடைத்தாள். பிறகு வெள்ளைக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எண்ணுக்குப் பக்கத்தில். "நாலா பக்கமும் இடிப்பானுங்கன்னு தெரிஞ்சுதான்டா உள்ள போறேன். இந்தப் பக்கம் மட்டும் இடிக்க மாட்டானுங்கன்னு நம்பித்தான் போறேன்."

அவள் சுத்தியலை மறுபடி கையில் எடுத்தாள்.

"அடுத்த கூட்டம் எப்போ?"

"செப்டம்பர்."

"சிரிச்சேன்னு அங்க போய்ச் சொல்லு. இங்க என் காதுல மட்டும் ஓதிட்டுப் போனா, அதுவும் ஒதுங்கறதுதான். நகரு, எனக்கு நேரமாச்சு."

இறுதிச் சுற்றில் அவள் மூன்றாவதாக வந்தாள். கார் நின்றதும் ஜன்னல் வழியாக ஏறிக் கூரைமேல் நின்று, கர்டிஸ் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பிக் கை ஆட்டுவது அவள் வழக்கம். அன்று கூரைமேல் நின்றாள். கூட்டத்துக்குக் கை ஆட்டினாள். அவன் பக்கம் திரும்பவில்லை. கழுத்து வலியாக இருக்கும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அதை அவனாலேயே நம்ப முடியவில்லை.

செப்டம்பர் முதல் செவ்வாய், பள்ளி நூலகத்தில் கூட்டம். முந்தைய கூட்டத்தின் குறிப்பைச் செயலாளர் படிக்க வேண்டும். கர்டிஸ் அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினான்.

"ஒரு திருத்தம் இருக்கு சார். 'கண்ணியத்தோடு'ங்கற வார்த்தையை எடுத்துரணும்."

"ஒரு வார்த்தைக்கு என்னப்பா?" என்றார் ப்ரான்ட்.

"அது பொய். எங்க அக்காவுக்கு நான் தம்பின்னு உங்க முன்னாடி காட்டிக்க வெக்கப்பட்டேன். அதான் ஒதுங்கினேன். டாக்டர் சொன்னதுக்கு முதல்ல சிரிச்சவனும் நான்தான்."

விட்டேக்கர் நெளிந்தார். "கர்டிஸ், அது சும்மா பேச்சுக்குச் சொன்னது."

"உங்களைச் சொல்லல டாக்டர். நீங்க யாரோ ஒருத்தரை வச்சுச் சொன்னீங்க. எனக்கு அவ அக்கா." பிறகு கொட்டகையையும் தலைக்கவசத்தையும் இரும்பையும் சொன்னான்.

"எத்தனை பவுண்டு?" என்றார் ப்ரான்ட்.

"இருபத்தஞ்சு."

கிழவர் தன்னையறியாமல் பிடரியைத் தடவிக்கொண்டார். "என் பசங்க பதினஞ்சுக்கே அழுவானுங்க."

மார்லீன் மட்டும் அவனைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு, "இதை ஜூன்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். விழுந்த விண்ணப்பத்தை ஐந்து வருஷத்துக்கு மறுபடி எடுக்க முடியாது. விதி அப்படி. அந்த விதியை எழுதிக் கொடுத்ததும் கர்டிஸ்தான். ப்ரான்ட் விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். தோளில் யாரும் தட்டவில்லை. கர்டிஸ் திருத்தத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அந்தச் சனிக்கிழமை காலை அவன் கொட்டகைக்குப் போனான். ரோண்டா அடுத்த வருஷத்துக்கான காரின் கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பழைய நீல நிறக் கார். வெள்ளைக் கதவு மட்டும் பூசிக் காய்ந்திருந்தது. அதில் எண் இல்லை.

"சொல்லிட்டேன்," என்றான்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அஞ்சு வருஷம் ஆகும், மறுபடி எடுக்க."

"அஞ்சு வருஷமா? அதுவரைக்கும் எனக்குக் கழுத்து இருக்கணும்." அலமாரியிலிருந்து கறுப்புப் பெயிண்ட் டப்பாவையும் தூரிகையையும் எடுத்து அவன் கையில் வைத்தாள். "நம்பரைப் போடு. இத்தனை வருஷத்துல ஒருநாளாவது நீ போட்டிருக்கியா?"

"எந்த நம்பர்?"

"இதென்ன கேள்வி? வாங்கின பட்டம் வாங்கினதுதானே. திருப்பிக் குடுத்துட்டியா என்ன?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவன் மண்டியிட்டு உட்கார்ந்து, கதவின் நடுவில் 91 என்று எழுதினான். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி, சுத்தமாக, அளவாக. ரோண்டா நாலு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"இதென்னடா, கடுகு மாதிரி போட்டிருக்க? கடைசி வரிசையில இருக்கறவனுக்குத் தெரிய வேணாமா? பெருசா போடு."

அவன் தூரிகையை டப்பாவில் முக்கினான். சிறிய எண்ணின் மேலேயே பெரிய எண்ணை இழுத்தான், கதவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும். ஒன்பதின் வயிற்றிலிருந்து கறுப்பு ஒழுகியது. அவள் அதைத் துடைக்கச் சொல்லவில்லை. அவனும், பூசி முடிக்கும்வரை, கதவிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.