மந்திரவாதியின் ஊழியர்

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எங்கள் அலுவலகத்தின் உள்கதவில் தொங்கிய பலகையை அவர் படித்துக்கொண்டிருந்தார். 'ஸ்டாஃப் மட்டும்' என்று இரண்டே சொல். அதை ஒருவர் அவ்வளவு நேரம் படித்து நான் பார்த்ததில்லை.

"யாரைப் பார்க்கணும்?" என்றேன்.

"மொழிபெயர்ப்புப் பரீட்சைக்கு வந்திருக்கேன் சார்." பலகையைக் காட்டி, "இதைத் தாண்டி நான் வரலாமா?" என்றார்.

ஒல்லியான ஆள். நாற்பதை இன்னும் தொடவில்லை. சட்டையில் பெயருக்குக்கூட ஒரு சுருக்கம் கிடையாது. கை மடிப்பைத் தொட்டால் விரலை வெட்டிவிடும் போலிருந்தது. இடது மணிக்கட்டில் படகு வடிவத்தில் பழைய சூட்டுக்காயம் ஒன்று. விண்ணப்பத்தில் வேலை என்ற இடத்தில் 'ஹோட்டல், சலவைப் பிரிவு' என்று எழுதியிருந்தார். படிப்பு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோடும் நேராகத்தான் இருந்தது.

எனக்கு அப்போது அந்த மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் ஏழாவது மாதம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்துக்கு அத்தாட்சியாக ஒரு சிவப்புப் பேனா எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். மற்றவர்கள் மொழிபெயர்த்ததில் பிழை பிடிப்பது என் வேலை.

அந்த மாதம் வந்திருந்த வேலை 'உப்புக் கோட்டை'. தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன் வந்த கணினி விளையாட்டு அது. ஏழு கோட்டைகள், எக்கச்சக்கமான பூதங்கள், வழிகாட்ட ஒரு கிழட்டு மந்திரவாதி, கையில் வாளோடு நாம். அதை அஸ்திவாரத்திலிருந்து புதிதாகக் கட்டி மறுபடி வெளியிடப் போகிறார்கள், இந்தத் தடவை தமிழிலும் வரும் என்று அறிவித்திருந்தார்கள். பழைய விளையாட்டு தமிழில் வரவே இல்லை. ஆனாலும் நாங்களெல்லாம் அதைத் தமிழில்தான் ஆடினோம். யாரோ ஒரு புண்ணியவான் வசனம் மொத்தத்தையும் மொழிபெயர்த்து இணையத்தில் சும்மா போட்டிருந்தார். முதல் திரையில் 'தமிழில்: கசங்காதவன்' என்று வரும். கல்லூரி விடுதியில் நான் சேர்ந்த புதிதில், ஒரு ஆங்கில வாக்கியத்தை முட்டி மோதிப் படித்து முடிப்பதற்குள் பூதம் என்னை மூன்று தடவை கொன்றுவிடும். கசங்காதவன் வந்த பிறகுதான் எனக்கும் பூதத்துக்கும் சண்டை சரிசமமாக நடந்தது.

அந்தத் தமிழ் வசனத்தில் எல்லோருக்கும் பிடித்த ஆள் மந்திரவாதி இல்லை, மந்திரவாதியின் ஊழியர்தான். 'மந்திரவாதி தன் ஊழியர்மேல் சாய்ந்து நின்றார்' என்று வரும். 'ஊழியரை ஓங்கித் தரையில் அடித்தார், பூமி அதிர்ந்தது' என்று வரும். 'ஊழியரை ஊன்றி ஆற்றைக் கடந்தார்.' 'ஊழியரின் உச்சியில் தீப்பற்றியது.' ஏழு கோட்டையிலும் அந்த ஊழியர் படாத பாடு இல்லை. கண்ணில் மட்டும் ஒருதடவைகூடப் பட மாட்டார். கடைசிக் கோட்டை வாசலில் ஒரு வரி: 'மந்திரவாதியின் ஊழியர் மனமுடைந்தார்.' விடுதியில் அந்த வரிக்கு அழுதவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவனை ரொம்ப நன்றாகவே தெரியும்.

ரசிகர் குழுவில் நாற்பதாயிரம் பேர். ஊழியர் ஏன் கண்ணில் படுவதில்லை என்று அங்கே பதினைந்து வருஷமாக விவாதம். சாபத்தால் மறைந்தவர் என்று ஒரு கட்சி, விரல் நீளமே உள்ள ஆள், சட்டைப் பைக்குள் இருக்கிறார் என்று ஒரு கட்சி, உழைப்பவன் எங்கே யார் கண்ணில் பட்டான் என்று ஒரு கட்சி. மூன்றாவது கட்சியில் நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன், பதினான்கு பக்கம். புது விளையாட்டு அறிவிப்பு வந்ததும் குழு ஒரு மனு போட்டது. ஊழியரைக் கண்ணில் காட்ட வேண்டும், தரையில் அடிப்பதை நிறுத்த வேண்டும், வாரம் ஒருநாள் விடுப்பு தர வேண்டும். நாற்பதாயிரம் கையெழுத்தும் விழுந்தது.

பரீட்சைக்கு ஆறு பேர் வந்தார்கள். ஐந்து பேர் பட்டதாரிகள், ரசிகர்கள். கொடுத்த பத்தியில் கடைசிக் கோட்டை வாசல் காட்சியும் இருந்தது. ஐந்து பேரும் கண்ணை மூடிக்கொண்டு 'ஊழியர் மனமுடைந்தார்' என்று எழுதியிருந்தார்கள். ஹோட்டல்காரர் மட்டும் 'மந்திரவாதியின் கோல் முறிந்தது' என்று எழுதியிருந்தார்.

விளையாட்டு நிறுவனம் அனுப்பிய சொற்பட்டியலை எடுத்து ஒப்பிட்டேன். ரசிகர்கள் பழகிய சொற்களைக் குழுவிடமே கேட்டுத் தொகுத்த பட்டியல் அது. அதில் 'ஊழியர்' என்றுதான் இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஓரத்தில், 'விளையாட்டின் அடிப்படையே தெரியவில்லை' என்றும் எழுதினேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், அது கம்பு சார்."

"எது?"

"அந்த ஆளு கையில வச்சிருக்கிறது. கம்பு. மந்திரக்கோல். ஸ்டாஃப்னா இங்கிலீஷ்ல அதுவும் அர்த்தம்."

"ஐயா, பதினைஞ்சு வருஷமா நாங்க ஆடுறோம். அது ஊழியர்."

"பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அதைத் தப்பா எழுதினதே நான்தான் சார்."

நான் சிரித்தேன். கசங்காதவன் நான்தான் என்று வருஷத்துக்கு இரண்டு பேராவது குழுவில் கிளம்புவார்கள். அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை நான்காக மடித்தார். விளிம்போடு விளிம்பு ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே கட்டுக்கட்டாகச் சலவைச் சீட்டுகள். ஒரு பக்கம் 'சட்டை, கால்சட்டை, படுக்கை விரிப்பு, தலையணை உறை' என்று அச்சடித்திருந்தது. மறுபக்கம் பென்சிலில் உப்புக் கோட்டை முழுசும். எனக்கு மனப்பாடமான வரிகள் அடித்தல் திருத்தலோடு கிடந்தன. 'ஊழியர் உடைந்தார்' என்று முதலில் எழுதி, அடித்து, மேலே 'மனமுடைந்தார்' என்று எழுதியிருந்தார்.

நான் எழுதிய பதினான்கு பக்கக் கட்டுரைதான் கண்முன் வந்து நின்றது.

"எப்படிண்ணே..." என்றேன். ஐயா அதற்குள் அண்ணன் ஆகிவிட்டார். நானும் அவருக்குத் தம்பி ஆனேன்.

"எங்க ஹோட்டல்ல ஸ்டாஃப்னா நாங்கதான் தம்பி. ஸ்டாஃப் வாசல், ஸ்டாஃப் சாப்பாடு, ஸ்டாஃப் கக்கூஸு. இஸ்திரிக்கு வர்ற சீருடையில எல்லாம் நெஞ்சுல ஸ்டாஃப்னு தச்சிருக்கும். அகராதியைப் பார்த்தேன். முதல் அர்த்தம் ஊழியர்னு இருந்துச்சு. கைத்தடிங்கிறது நாலாவது அர்த்தம், அடுத்த பக்கத்துல. பக்கத்தைத் திருப்பலை."

"தரையில அடிக்கிறான்னு வந்தப்பகூடவா சந்தேகம் வரலை?"

"அதுல என்ன சந்தேகம்? எங்க பழைய மேற்பார்வையாளரை நீங்க பார்த்ததில்லை."

படத்தில் கம்பு தெரியவில்லையா என்று கேட்கலாம். அந்தக் காலத்துப் படத்தில் மந்திரவாதியின் கையில் இருந்தது நாலே நாலு புள்ளி. நாங்கள் அதைத் தாடி என்று நினைத்தோம்.

பிழை அவருக்குத் தெரிந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால். விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களை வைக்கும் அலமாரி சலவை அறைக்குப் பக்கத்தில்தான். ஒருநாள் மலையேறும் கம்பு ஒன்று அதில் வந்து சேர்ந்தது. அதில் கட்டியிருந்த சீட்டில் 'மர ஸ்டாஃப், ஒன்று' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம். அன்றைக்கு மூன்று சட்டைகளைக் கருக்கிவிட்டார். மணிக்கட்டுக் காயமும் அன்றையதுதான்.

அந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, நடுவில் இஸ்திரி மேசை. அதே ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்க்கிற அவர் மனைவி, மேசையிலிருந்த துணியை நகர்த்தி எனக்கு இடம் பண்ணினார்.

"நீங்களாவது சொல்லுங்க தம்பி. எட்டு வருஷமா தூக்கத்துல 'கம்பு, கம்பு'ங்கிறாரு. யாரோ அடிக்க வர்றாங்கன்னு நான் எழுந்து தாழ்ப்பாளைப் பார்த்தேன்."

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். ஊர்ல அவனவன் தப்பு பண்ணிட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரியறான். இவரு ஒரு குச்சிக்காகக் கூனிப்போறாரு."

அவர் என் பக்கம் திரும்பினார். "நாப்பதாயிரம் பேரு என் தப்பை மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க தம்பி. அது கள்ளத்தனமா ஓடுற வரைக்கும் போகட்டும்னு விட்டேன். இப்ப வர்றது அசல். அதுலயும் ஊழியர்னு வந்துட்டா அவ்வளவுதான், அதுதான் சரின்னு ஆயிடும். அதுக்குள்ள அந்த ஒரு வார்த்தையைத் திருத்தணும். எனக்குப் பேரெல்லாம் வேண்டாம்."

"குழுவிலயே சொல்லிடுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றேன். இதுவரை நான் சொன்ன யோசனைகளிலேயே மோசமானது அதுதான்.

அவர் தம் கைபேசியில் மெதுவாகத் தட்டினார்: 'வணக்கம். நான் கசங்காதவன். ஊழியர் என்பது என் பிழை. அது கோல். மன்னிக்கவும்.'

நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பதில்கள் வர ஆரம்பித்தன.

'நீ யாருடா புதுசா?'

'கம்பெனி இறக்கிவிட்ட ஆள். ஊழியர் இல்லைன்னு சொல்லிட்டா மனுவை மூடிடலாம்ல!'

'கசங்காதவன் அண்ணன் போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சு. செத்தவர் பேரைக் கெடுக்காதே.'

"நான் எப்பய்யா செத்தேன்?" என்றார் அவர்.

மனைவி கைபேசியை வாங்கி இன்னும் கீழே தள்ளினார். "பாருங்க, வருஷா வருஷம் உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் வேற நடத்தியிருக்காங்க. நல்லவரு, அமைதியானவருன்னு போட்டிருக்கு. அடுத்த வாட்டி என்னையும் கூப்பிடச் சொல்லுங்க, உண்மையைப் பேசறேன்."

பத்தே நிமிஷத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில், 'ஊழியரை அவமதித்தது.'

நான் மறுநாள் சலவைச் சீட்டுகளோடு எங்கள் மேலாளர் முன்னால் போய் நின்றேன். என் சிவப்பு மையை நானே அடித்துத் திருத்திய பரீட்சைத் தாளையும் வைத்தேன். அந்த அம்மா இரண்டையும் பார்த்தார்.

"சரி, அவர் சொல்றது கரெக்ட். ஆனா நாப்பதாயிரம் பேர் தப்பைத்தான் கேக்குறாங்க. ஒரு ஆள் சரியைக் கேக்குறாரு. நான் யாரைப் பார்க்கிறது?"

"மேடம், அந்த ஒரு ஆள்தான் அந்த நாப்பதாயிரம் பேரையும் உண்டாக்கினவர்."

மேலாளர் யோசித்துவிட்டு, மனுவையும் என் குறிப்பையும் சேர்த்து விளையாட்டு நிறுவனத்துக்கே அனுப்பினார். மந்திரவாதியின் வசனங்களை மட்டும் ஹோட்டல்காரரிடம் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கோல் கோலாகவே இருக்கும், தமிழிலும் அப்படியே எழுதலாம். அதோடு, இவ்வளவு பேர் ஆசைப்படுவதால், மந்திரவாதிக்கு ஒரு ஊழியரையும் புதிதாகச் சேர்க்கிறோம், எல்லா மொழியிலும். அவர் எப்படி இருப்பார் என்று உங்கள் ரசிகர்கள் நினைக்கிறார்கள்? இந்தப் படிவத்தில் நிரப்பி அனுப்பவும்.

படிவத்தை நிரப்பியவன் நான். ஒல்லி. நாற்பதுக்குள். சுருக்கமில்லாத சட்டை. இடது மணிக்கட்டில் சூட்டுக்காயம். வேலை என்ற இடத்தில், 'மந்திரவாதியின் துணிகளை மடிப்பது' என்று எழுதினேன்.

விளையாட்டு வெளிவந்தது. கடைசிக் கோட்டை வாசலில் 'மந்திரவாதியின் கோல் முறிந்தது' என்று வரி வருகிறது. பின்னாலிருந்து ஊழியர் வந்து, இரண்டு துண்டையும் பொறுக்கி எடுத்துத் துணியில் சுற்றி வைக்கிறார். அந்த இடத்தை அண்ணன் எங்கள் அலுவலகத்தில்தான் பார்த்தார். அந்த ஒரு வரியை நாலு தடவை திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "துணியை இப்படியா மடிப்பான்? முனையை உள்ள தள்ள வேண்டாமா?" என்றார்.

மற்ற மொழிக்காரர்கள், இந்த ஆள் யார், பழையதில் இல்லையே, கதையைக் கெடுத்துவிட்டார்களே என்று கொதித்தார்கள். நம்மவர்களாவது குளிர்ந்தார்களா என்றால், குழுவில் அடுத்த நாளே எழுதிவிட்டார்கள். 'ஊழியர் இவ்வளவு ஒல்லியா இருக்க மாட்டார்.' 'சூட்டுக்காயம் எல்லாம் தேவையில்லாத திணிப்பு.' அதிகம் பேர் ஆமோதித்தது ஒரே ஒரு வரியைத்தான்: 'என்ன இருந்தாலும் பழைய ஊழியர் மாதிரி வராது.'

இப்போது அவர் அதே ஹோட்டலில் அதே சலவைப் பிரிவில் இருக்கிறார், காலை ஷிஃப்ட். மாலை நாலிலிருந்து ஆறு வரை எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார். உள்கதவுப் பலகையை இப்போது படிப்பதில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறார். உப்புக் கோட்டையின் தமிழில் பிழை இருப்பதாக வரும் புகார்களைப் பார்ப்பது அவர் பொறுப்பு. இதுவரை வந்தவற்றில் முன்னூற்றுப் பன்னிரண்டு புகார்கள் ஒரே விஷயத்தைப் பற்றியவை: 'கோல் என்பது மொழிபெயர்ப்புப் பிழை, ஊழியர் என்று திருத்தவும்.' ஒவ்வொன்றுக்கும் 'கவனத்தில் கொண்டோம், நன்றி' என்று தனித்தனியாகப் பதில் எழுதுகிறார். எதையும் திருத்துவதில்லை.