யாருக்கு இன்னா ஆச்சு?

மானாம்பதியைத் தாண்டி உத்திரமேரூர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் மஞ்சள் பை, அதில் ஒரு லுங்கி, ஒரு சட்டை. இனி ஓடமாட்டேன் என்று நைனாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். கால்கள் அதைக் கேட்பதாக இல்லை. அடிக்கடி நின்று அவற்றை அடக்கி நடக்க வேண்டியிருந்தது.

அம்மா செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எந்த ஊரிலும் எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை. அப்போதும் ஓசூரில் ஒரு வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் சும்மா இருந்தேன். கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா மாரைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊருக்குள் பஸ் கிடையாது. ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோவோடு திரும்பியபோது அவளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்தினார்.

கருமாதி முடிந்த மறுநாள் வீட்டில் உட்கார முடியாமல் அதே வழியில் ஓடிப் பார்த்தேன். ஓடுகிற வரைக்கும் அம்மா வரப்பில் உட்கார்ந்துதான் இருந்தாள். நான் ஆட்டோ கொண்டுவருவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றதும் செத்துப்போனாள். அதனால் நிற்காமல் திரும்பி ஓடினேன். மறுநாளும் ஓடினேன். மூச்சு வாங்கும்போது அழுகை வராது. அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

எங்கள் பக்கத்தில் போலீஸ் வேலைக்கு முயற்சி செய்கிறவர்கள் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுவார்கள். மற்றபடி ஒருவன் ஓடினால் வீட்டில் யாருக்கோ ஆபத்து என்றுதான் அர்த்தம். ஒருநாள் டிவிஎஸ் வண்டிக்காரர் ஒருவர் என்னை மறித்து நிறுத்தினார்.

"ஏறு, ஏறு. யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணே."

"அப்பறம் இன்னாத்துக்கு ஓடிக்கினு கீற? பதட்டத்துல ஒளர்ற, ஏறுப்பா."

டவுன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. கொஞ்ச நேரம் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று மத்தியானம் நடந்தது வேறு. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நான் ஓடுவதைப் பார்த்தார்கள். மொட்டைத் தலை, வெள்ளை வேட்டி. நைனாவுக்கு ரெண்டு நாளாக இருமல் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நாற்றுமுடியைச் சேற்றிலேயே போட்டுவிட்டு, சேற்றுக்காலோடு தெருவில் மாரடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது வாசல் முழுக்கப் பெண்கள். நடுவில் கஞ்சிக் குண்டானோடு நைனா.

"அண்ணே, நீ உசுரோடவா கீற?" என்றாள் முதலில் அழுதுகொண்டு வந்த அத்தை.

"இன்னும் ரெண்டு வாய் கீது. குட்ச்சிட்டு வந்துட்றேன். அப்பறமா அழுவுங்க" என்றார் நைனா.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அத்தைக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. வந்த அழுகையை அம்மாவுக்காக அழுது முடித்துவிட்டுத்தான் கழனிக்குத் திரும்பினார்கள்.

அவர்கள் போன பிறகு நைனா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"அன்னிக்கு அவ தலைய மடியில வெச்சிக்கினு நீ ஓட்றதத்தான் பாத்துக்கினு இருந்தேன். நீ புளியமரத்தத் தாண்டல, அவ பூட்டா. நீ ஓடிக்கினே கீற. உன்னைக் கூப்புடக்கூட எனக்குக் கொரல் வர்ல. தெனம் தெனம் அதையே காட்றியேடா."

நான் ஓடினால் பிழைத்திருக்கிறவள், நான் ஓடுவதைப் பார்த்தால் அவருக்குச் செத்துப்போகிறாள்.

"எங்கனா போயி ஒரு வேலையப் பாரு. போவும்போது நடந்து போ" என்றார்.

இரவு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் ஒரு ரைஸ் மில்லில் ஆள் வேண்டும் என்றார்கள். அவித்த நெல்லை சிமெண்டுக் களத்தில் ஆவி பறக்கக் கொட்டியிருந்தார்கள். அதைக் காலாலேயே கிளறி வெயிலில் காயவைக்க வேண்டும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வருவதுதான் வேலை. முதல் நடையிலேயே உள்ளங்கால் வெந்தது.

எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "இன்னா மொட்ட, திருப்பதியா?"

"அம்மா செத்துட்டாங்க."

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு, "கால தூக்கி வெக்காதப்பா. இழுத்துக்கினே போ. வேகம் கூடாது" என்றாள். "மழ வந்தா மட்டும்தான் இங்க ஓட்டம். அப்ப ஓடி நெல்ல வாரணும்."

காலை இழுத்துக்கொண்டு நடந்தேன். எனக்குப் பின்னால் நெல்லில் இரண்டு கோடுகள் வந்துகொண்டிருந்தன. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.