புரட்டாசியில் ஒரு கடல் பயணம்

ஓசூரில் வேலை செய்கிறவர்களுக்குக் கடல் பெரும்பாலும் செல்போனில்தான் இருக்கிறது. அதை நேரில் பார்த்தே தீருவது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்தவன் என் மச்சினன். கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறான். ஆயுத பூஜைக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததும், பயணத்தையும் ஆடிட்டுக்குத் தயாராவதுபோல் திட்டமிட்டான்.

ஊத்தங்கரையில் இட்லி, புதுச்சேரியில் மதியம் நண்டு, மரக்காணத்தில் இறங்கிக் கடல், மாலை மகாபலிபுரத்தில் சிற்பம், சிற்பம் முடிந்த கையோடு வறுத்த வஞ்சிரம். "ரிஸ்க் எல்லாம் யோசிச்சு வச்சிட்டேன் மாமா," என்றான். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டுக்கு வந்தால் என்ன செய்வது என்பதுகூட அதில் இருந்தது.

என் மனைவி கெலமங்கலத்துக்காரி. கடலைப் பார்த்ததில்லை. வெங்காயம் நறுக்கியபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது புரட்டாசிடா," என்றாள்.

யானையை யோசித்தவன் பெருமாளை யோசிக்கவில்லை.

"சனிக்கிழமை மட்டும் வுட்டுடலாம்க்கா."

"நம்மூட்ல மாசம் பூராவும்தான்."

"பெருமாளே மீனா அவதாரம் எடுத்தவருதானக்கா."

"அதனாலதான் திங்கக் கூடாதுங்கறேன்."

தீபாவளிக்குத் தள்ளிப்போடலாமே என்றேன். தீபாவளிக்கு மாமியார் வீடு என்று, தாய்வீட்டுக்குப் போயிருந்த அவன் மனைவியிடமிருந்து ஏற்கெனவே உத்தரவாகியிருந்தது. கடைசியில் திட்டம் அப்படியே இருந்தது. மீன் மட்டும் நீக்கப்பட்டது. கடைகளை மாற்ற அவன் ஒப்பவில்லை. இடத்தையாவது பார்க்கலாம் என்றான்.

புதுச்சேரியில் அவன் தேர்ந்தெடுத்திருந்த மீன் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் சங்கரா, இறால், நண்டு என்று ஒப்பித்தார். மச்சினன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "தயிர் சாதம் இருக்குங்களா?" என்றான்.

"உடம்பு சரியில்லைங்களா சார்?"

"புரட்டாசிங்க."

"எதிர்லயே சைவ ஓட்டல் இருக்கு சார்."

அவன் எழுந்திருக்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் நண்டுக் காலைக் கடித்து உடைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் தயிர் சாதத்தை ஊறுகாயோடு சாப்பிட்டோம்.

மரக்காணம் தாண்டி ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினான். "சீக்கிரம் பாத்துட்டு வந்துடணும்க்கா. இன்னும் மகாபலிபுரம் இருக்குது."

மனைவி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இரண்டு மூன்று அலை வந்து போனதும் புடவையை விட்டுவிட்டாள். முழங்கால்வரை நனைந்து, ஒவ்வொரு அலைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, லேட்டாவுது."

"நீங்க போய்ட்டு வாங்கடா. நா இங்கியே இருக்கறேன்." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தவன், செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றான். நானும் போனேன். பொழுது சாயும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். மகாபலிபுரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.