கறிதோசையும் ஒரு விருதுக் கணிப்பும்

சினிமா விருதுகள் அறிவிக்கும் காலம் நெருங்கினால் எனக்குச் சாமி வந்துவிடும். எந்தப் படத்துக்கு எது கிடைக்கும், யாருக்குப் பட்டை நாமம் விழும் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிடுவேன். எனக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மனிதர்கள் எந்த வயதில் சாவார்கள் என்று கம்பெனி கணிக்கும். நடிகர்கள் எந்த வருடம் மேடையேறுவார்கள் என்று நான் கணிப்பேன். கம்பெனி சொல்வது பெரும்பாலும் பலிக்கும்.

நான் சொல்வது பலிக்காது. ஒருமுறை பாடலாசிரியர் ஒருவருக்கு உறுதியாகக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அந்த வருடம் பாடலாசிரியருக்கு விருதே தரவில்லை. தகுதியான பாட்டு எதுவும் வரவில்லையாம்.

என்னிடம் முறை இல்லாமல் இல்லை. விருதுக் குழுவில் இருப்பவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று பல வருடமாகக் கவனித்து வைத்திருக்கிறேன். வேடத்துக்காக உடம்பு இளைத்தவர், மொட்டை போட்டவர், மழையில் நனைந்துகொண்டே அழுதவர், கண் தெரியாதவராக நடித்தவர் இவர்களுக்கெல்லாம் முன்னுரிமை. படம் முடிவதற்குள் செத்துப்போனால் இன்னும் நல்லது. இத்தனை காலம் நடித்தும் ஒன்றும் கிடைக்காத மூத்தவர் யாராவது இருந்தால் மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். நடிப்பு நன்றாக இருந்ததா என்பது இந்தக் கணக்கில் சேராது. அது ரசிகனின் வேலை. பந்தி பரிமாறுகிறவன் இலையில் உட்காரக் கூடாது, கணிக்கிறவன் ரசிக்கக் கூடாது. இவ்வளவு கறாராக இருந்தும் ஏன் எல்லாம் தப்பாகப் போகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு மட்டும் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் வாயிலிருந்து வரும் சொல்லைச் சும்மா விடமாட்டார்கள். வாய் முகூர்த்தம் உள்ளவர் என்று பெயரெடுத்தவரைப் பெண் பார்க்கப் போகும்போது முன்சீட்டில் ஏற்றுவார்கள். கருநாக்கு என்று பெயரெடுத்தவரைச் சமையல்காரரை மேற்பார்வை பார்க்க அனுப்பிவிடுவார்கள். நான் இரண்டிலும் சேராத தனி ரகம். நான் நல்லது சொன்னால் நடக்காது, கெட்டது சொன்னாலும் நடக்காது. இதைக் கண்டுபிடித்ததிலிருந்து குடும்பத்தில் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. பரீட்சை எழுதிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவன் பெயிலாயிருவான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் பாஸாகியிருக்கிறார்கள். அவர்கள் படித்ததால் பாஸானார்கள் என்று நான் சொல்வேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படியிருக்க, எங்கள் வீட்டிலேயே ஒரு ஆள் விருதுப் போட்டியில் நிற்கும்படி ஆனது. என் மனைவியின் தங்கை, அதாவது என் கொழுந்தியா.

செல்லூரில் என் சகலைக்குத் துண்டு நெய்யும் விசைத்தறிப் பட்டறை இருக்கிறது. பட்டறைக்கு மேலேதான் வீடு. ஒருநாள் தண்ணீர் லாரிக்காரர் தெருவின் பாதியிலேயே குழாயை மூடிவிட்டுக் கிளம்பப் பார்க்க, கொழுந்தியா லாரியின் முன்னால் குடத்தை வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றிருக்கிறாள். புது முகம் தேடி அந்தப் பக்கம் வந்த ஒரு சினிமா டைரக்டர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு முழுச் சண்டையையும் பார்த்திருக்கிறார். லாரிக்காரர் மன்னிப்புக் கேட்டுக் குழாயைத் திறந்த பிறகு இவர் அவள் பக்கத்தில் போய், "நடிக்கிறீங்களாம்மா" என்று கேட்டதும், இவருக்கும் கொஞ்சம் திட்டு விழுந்ததாம். அவரைப் புரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் படப்பிடிப்பு. கடனில் மூழ்கும் ஒரு விவசாயியின் மனைவி வேடம். சகலை முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தார். மடக்கு நாற்காலியும் குடையுமாகத் தினமும் கூடவே போய் உட்கார்ந்திருந்தார். கதாநாயகனோடு போட்டோ எடுத்துப் பட்டறையில் மாட்டிக்கூட வைத்தார். படம் வெளியான பிறகுதான் சுருதி மாறியது. தெருவில் அத்தனை வருடமாகத் தறிக்காரர் என்று கூப்பிட்டவர்கள் திடீரென்று அவரை நடிகை வீட்டுக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில் டீ குடிப்பதையே விட்டுவிட்டார் மனுஷன்.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது படத்துக்கு அதே டைரக்டர் கூப்பிட்டார். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு மாதப் படப்பிடிப்பு. உள்ளூரிலேயே கே.கே. நகரில் இருக்கும் எங்கள் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுக் கைகழுவிய கையோடு சகலை பேச்சை எடுத்தார்.

"நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லல. பேப்பர்ல விருதுக்கு அஞ்சு பேரு போட்டுருக்கான். இவ பேரும் இருக்கு. வாங்கிட்டா, தாராளமா அடுத்த படத்துக்குப் போகட்டும். வாங்காட்டி ஒரு படத்தோட சரி. வீட்டப் பாக்கணும்ல?"

கொழுந்தியா "சரி" என்று மட்டும் சொன்னாள். நியாயமான பேச்சு மாதிரித்தான் இருந்தது. அநியாயமெல்லாம் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். அன்று சாயங்காலமே அவள் டைரக்டருக்கு போன் பண்ணி, விருது அறிவித்த மறுநாள் பதில் சொல்வதாகத் தவணை கேட்டாள். அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று அவரும் சொல்லிவிட்டார்.

சிறந்த துணை நடிகைக்கான அந்த ஐவரில் ஒரு மூத்த நடிகையும் இருந்தார். அம்மா, அத்தை, மாமியார் என்று எல்லா வேடமும் போட்டு ஒரு விருதும் வாங்காதவர். படத்தில் மழையில் அழுதுவிட்டுச் செத்தும் போகிறார். என் முறைப்படி மறுபேச்சே இல்லை, அவருக்குத்தான்.

ஆனால் எனக்கு ஒரு சங்கடம். தியேட்டரில் உட்கார்ந்தபடியே விருதுக் கணக்குப் போடுவது என் வழக்கம். கொழுந்தியா நடித்த படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகுதான், நான் எந்தக் கணக்கும் போடவில்லை என்பதே எனக்கு உறைத்தது. வெளியே வரும்போது அவள் பக்கத்தில் வந்து, "எப்படி மச்சான்?" என்று கேட்டாள். நிபுணனுக்குரிய குரலில், "விருதுக்கு வாய்ப்பு இருக்கு" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவள் அக்காவோடு நடந்துபோனாள்.

இந்த வருடம் முறையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அவள் பெயரையே எழுதுவது என்று முடிவு செய்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு வருடமும் என் கணிப்பைப் போடுவேன். அது எனக்குத் தீபாவளி மலர் மாதிரி. அதை நான் தட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அவ பேர எழுதாதீங்க."

"ஏன்?"

"ஏன்னு ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க எழுதுனா வெளங்குமா? அந்த மழையில அழுத அம்மா பேரைப் போடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"படிச்சவ பேசுற பேச்சா இது? நான் இங்க எழுதுறது சென்னையில கமிட்டிக்கு எப்படிடி தெரியும்?"

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. பல்லிக்குத் தெரிஞ்சா அது ஏன் விழப்போகுது?" என்று சொல்லிவிட்டு அவள் குக்கரை இறக்கப் போனாள். நான் போனை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் சகலை அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். கையில் பொட்டலம். திறக்காமலே வாசனை தெரிந்தது, கறிதோசை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு ஒரு கடலை மிட்டாய்கூட வாங்கிக்கொடுத்ததில்லை. பக்கத்தில் இருந்த மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணே, கணிப்பு இன்னும் போடலையே?"

"போடணும்."

"எங்க வீட்டுக்காரி பேரையே எழுதிருங்கண்ணே."

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நாம்தான் மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அவர் தோளில் கை வைத்தேன். "என்ன இருந்தாலும் பொண்டாட்டி மேல பாசம் இல்லாம இருக்குமா சகல" என்றேன்.

அவர் முகத்தில் அசடு வழிந்தது. பார்வை கறிதோசைப் பக்கம் போனது. அப்போதுதான் எனக்கு உண்மை விளங்கியது. பாசமாவது மண்ணாவது. நான் அவள் பெயரை எழுதினால் அவளுக்கு விருது கிடைக்காது. விருது கிடைக்காவிட்டால் அவள் வீட்டோடு இருப்பாள். அதற்குத்தான் கறிதோசை.

"என் வாய் அம்புட்டு மோசமா சகல?"

"மோசம்னு யாருண்ணே சொன்னா? அம்புட்டு சக்தியுள்ள வாய்னுதான சொல்றேன்."

கோபம் மண்டைக்கு ஏறியது. அவள் பெயரை எழுதினால் இந்த ஆளின் திட்டத்துக்கு உடந்தை. எழுதாமல் விட்டால் நானும் என் வாயைப் பற்றி இவர்கள் சொல்வதை நம்புகிறேன் என்று ஆகும். போகட்டும், எதையும் நம்பாதவன் தன் மனதில் பட்டதை எழுதிவிட்டுப் போகிறான் என்று அங்கேயே நின்று போனைத் திறந்து அவள் பெயரைப் போட்டுவிட்டேன். பிறகு கறிதோசையைச் சாப்பிட்டேன். ஆட்டுக்கறி என்ன பாவம் செய்தது.

குழுவில் சகலை உடனே இரண்டு கைகூப்பும் படம் அனுப்பினார். மனைவி அன்று ராத்திரி உப்புமா செய்தாள். எனக்கு உப்புமா ஆகாது என்று அவளுக்குத் தெரியும். கொழுந்தியாவிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக நீலக் குறி மட்டும் விழுந்திருந்தது.

விருது மூத்த நடிகைக்குத்தான் போனது. டிவியில் பெயர் ஓடியபோது மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தைரியம் இல்லை. என் முறையை நான் பின்பற்றியிருந்தால் வாழ்க்கையில் முதல் தடவையாக என் கணிப்பு பலித்திருக்கும் என்பதைச் சொல்லிப் பார்த்தேன். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளும் மனநிலையில் அவள் இல்லை.

மறுநாள் காலையில் கொழுந்தியா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அன்றுதான் டைரக்டருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். அழுதிருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அழுத முகமாகத் தெரியவில்லை. அக்கா கொடுத்த காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"மச்சான், ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும். அவுக கறிதோச வாங்கிக் குடுத்ததுக்காகத்தான் என் பேர எழுதுனீங்களா?"

சகலையால் எதையும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. வெற்றிக் களிப்பில் உளறியிருக்கிறார்.

"தோச அவரு வாங்குனது. பேரு நானா எழுதுனது. அவரு வர்றதுக்கு முன்னாடியே எழுதணும்னு இருந்தேன்" என்றேன். சொல்லும்போதே அது பொய் மாதிரி எனக்கே கேட்டது.

"எனக்குக் கெடைக்கும்னு நெனச்சீங்களா?"

"இல்ல. அந்த அம்மாவுக்குத்தான் போகும்னு தெரியும்."

"தெரிஞ்சும் என் பேர எழுதுனா என்ன அர்த்தம்?"

"நீ நல்லா நடிச்சிருந்தங்கிறதுதான் அர்த்தம்."

"எந்த எடத்துல?" என்றாள். லாரிக்காரரைக் கேட்ட அதே குரல். மழுப்பினால் விடமாட்டாள்.

"மோட்டாரத் தூக்கிட்டுப் போக பேங்க்காரன் வர்றான்ல. அவன நிக்க வச்சுத் திட்டுற. திட்டிக்கிட்டே இருக்கும்போது அவன் கால ஒரு தடவ பாக்குற. செருப்பு வாரு அந்து, ஊக்கு குத்தியிருக்கு. அப்பறமும் திட்டுறதான், ஆனா சத்தம் எறங்கிப்போச்சு. அந்த எடத்துல எனக்கு அழுகை வந்துருச்சு. தியேட்டர்ல பக்கத்துல அக்கா இருந்தா, அதனால அடக்கிக்கிட்டேன்."

மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கொழுந்தியா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"டைரக்டர் அதப் பாக்கச் சொல்லல மச்சான்" என்றாள். "நடிச்ச ஆளு செருப்பு நெசமாவே அந்துதான் கெடந்துச்சு. நானாத்தான் பாத்தேன். படம் வந்து இத்தன நாளா ஒருத்தரும் அதப் பத்திப் பேசல. நான் செஞ்சது வெளிய தெரியவே இல்ல போலன்னு நெனச்சேன். அன்னைக்கு தியேட்டர் வாசல்லயே இதச் சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கணும். விருதப் பத்திப் பேசியே பழகிப்போச்சு" என்றேன்.

"விருது வாங்காட்டி வீட்டோட இருன்னாக. நானும் சரின்னேன்" என்றாள் அவள். "எனக்கு நடிப்பு வரலேன்னா இருக்க வேண்டியதுதான்னு நெனச்சுத்தான் சரின்னேன். அவுககிட்ட நான் பேசிக்கிறேன்."

காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனை எடுத்தாள். எங்கள் இருவருக்கும் முன்னால் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"சார், நான் செல்லூர்ல இருந்து பேசுறேன். ஆமா சார், பாத்தேன். அந்த அம்மாவுக்குக் குடுத்துட்டாக. இல்ல சார், நான் வாரேன். எங்க மச்சான் நான் நல்லா நடிச்சிருக்கேன்னு சொல்றாரு." எதிர்முனையில் அவர் ஏதோ கேட்டார். கொழுந்தியா என்னை ஒருமுறை பார்த்தாள். "சினிமாக்காரர் இல்ல சார். எங்க அக்கா வீட்டுக்காரரு. என்னைக்குப் பொறப்படணும்னு மட்டும் சொல்லுங்க."