இருந்தது ஒரே படகு

அந்த நிவாரணச் சங்கக் கிளையில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். கால் ஓரிடத்தில் தரிக்காது. ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள், ஒரு விபத்தில் முழங்கால் நொறுங்கியபின் தொலைபேசி மேசைக்கு வந்து சேர்ந்தாள். யார் கூப்பிட்டாலும் விவரம் கேட்டு, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்வதுதான் வேலை. அதையும் விந்திவிந்தி நடந்துகொண்டேதான் செய்வாள். "உன் நாற்காலி இன்னும் கடையில இருந்து வந்த மாதிரியே இருக்கு" என்று செயலாளர் கேலி செய்வார்.

ஆறு கரையை உடைத்த அன்று அவருக்கும் கேலி வரவில்லை. வண்டிகள் தண்ணீரில் நின்றுபோயின. கைவசம் இருந்தது ஒரே படகு.

"என் வீட்டுக்காரிக்கு மூச்சுத் திணறுது. ஆக்சிஜன் தீரப்போகுது" என்று ஒருவர் அழுதார். அவரிடம் முகவரி வாங்கி முடிப்பதற்குள் அடுத்த மணி அடித்தது. அவள் தம்பி.

"அக்கா, வீட்டுக்குள்ள தண்ணி. குழந்தையோட ஓட்டு மேல ஏறிட்டோம். படகை அனுப்புக்கா!"

இரண்டு வீடுகளும் எதிரெதிர்த் திசையில் இருந்தன.

"கூரை தாங்குமாடா?"

"இப்போதைக்குத் தாங்குது."

"அப்போ அடுத்த நடை உனக்கு. இங்க ஒரு அம்மாவுக்கு மூச்சே நிக்கப்போகுது."

"அடுத்த நடையா? நான் உன் கூடப்பிறந்தவன்க்கா!"

இணைப்பு அறுந்தது. படகோட்டியை அவள் அந்த அம்மாவின் வீட்டுக்கே அனுப்பினாள். பிறகு தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தாள், தம்பிக்கு அடித்தாள், எதுவும் கிடைக்கவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்குமாக அலைந்தாள். யாரோ கொடுத்த தேநீர் ஆறி ஆடை படர்ந்தது.

கடைசியில் வயர்லெஸ் கரகரத்தது. "அந்தம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, உங்க தம்பி வீட்டுக்கு வந்துட்டேன். கூரை பாதி சரிஞ்சு கிடக்கு. மேல யாரும் இல்லக்கா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அழைப்பு வந்தது. எடுத்தாள், வேறென்ன செய்வாள்?

சாயங்காலம்தான் செய்தி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏணியைக் குறுக்கே போட்டு மூவரையும் தங்கள் மொட்டைமாடிக்கு இழுத்துவிட்டார்களாம். தம்பிக்குக் கை ஒடிந்ததோடு போயிற்று.

அவர்களைத் தங்கவைத்திருந்த முகாமுக்கு விந்திக்கொண்டே ஓடினாள். தம்பி மனைவி குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ செஞ்சது நியாயம்தான்க்கா. புத்திக்குத் தெரியுது, மனசு கேக்கல. கொஞ்ச நாள் என்கூடப் பேசாத."

அந்தக் கொஞ்ச நாள் மழைக்காலம் முழுக்க நீண்டது. ஒவ்வொரு மணிக்கும் அவனோ என்று பாய்ந்து எடுப்பாள். ஒருநாள் அவனேதான்.

"அந்தம்மா பிழைச்சாங்களா?"

"பிழைச்சுட்டாங்கடா."

"சரி" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மறுபடி கூப்பிட்டான். குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறதாம்.